பறி கடித்த பற்கள்

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பெண்மணி அறிமுகமானாள். அவளுக்கு உயிர் இல்லை, பெயரும் இல்லை. உடற்கூறு அறையில் ஜன்னலோரமாகப் போட்டிருந்த எங்கள் மேசையில் ஃபார்மலின் நெடியோடு மல்லாந்து கிடந்தாள். முதல் நாள் எங்கள் அணியில் ஒருவன் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். ஒருத்தி அழுதாள். நான் இரண்டும் செய்யவில்லை. மதியம் விடுதிக்குப் போய் எலுமிச்சை சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆடு உரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்காக இப்போது வெட்கப்படுகிறேன் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது இல்லாமல் அந்தப் படிப்பைப் படித்திருக்க முடியாது.

யாரும் கேட்டு வராத உடல் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அரசு மருத்துவமனையில் செத்துப்போய், சொந்தக்காரர்கள் வருவார்களா என்று வைத்திருந்து பார்த்து, வராமல் போனால் கல்லூரிக்கு வந்துவிடும். ஐம்பதைத் தாண்டிய வயது என்று எங்கள் பேராசிரியர் மூட்டுகளைப் பார்த்துச் சொன்னார். அவருக்குத் துப்பறிவதில் ஒரு ஆசை. உடலை அறுத்துப் படிப்பதைக் கையில்தான் தொடங்கினோம். முதல் நாளே விரல் நுனிகளைக் காட்டி, “இந்த அம்மா என்ன வேலை பார்த்திருப்பாங்க, சொல்லுங்க பாப்போம்” என்றார். விரல் நுனித் தோல் தடித்து, அதில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள் இருந்தன. ஊசி குத்திய மாதிரி. தையல்காரி என்றான் ஒருவன். பூக்கட்டுகிறவள் என்றேன் நான். பேராசிரியர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

கை, கால், நெஞ்சு, வயிறு எல்லாம் முடிந்து வருடக் கடைசியில்தான் தலைக்கு வந்தோம். அதுவரை முகத்தில் துணி போட்டிருந்தது. துணியை எடுத்து வாயைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தோம். முன்பற்கள் மேலும் கீழும் அரைவட்டமாகத் தேய்ந்திருந்தன. பல்லைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு ஓட்டை, பென்சில் நுழையும். சொத்தை கிடையாது, உடையவும் இல்லை. வருடக்கணக்காக எதையோ கடித்துக் கடித்து வழவழவென்று தேய்ந்த ஓட்டை. “நூல் கடிச்சா இவ்வளவு அகலமாத் தேயாதே” என்று பேராசிரியரும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “எனக்கும் தெரியலைம்மா” என்றார். அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

தேர்வு முடிந்தது. தேறினேன். அவளுடைய நரம்புகளும் தசைகளும் எல்லாம் ஒவ்வொன்றாக மறந்துபோயின. வாய் மட்டும் மறக்கவில்லை.

பேய் என்றால் இருட்டில்தான் வர வேண்டும் என்று யார் சொன்னதோ தெரியவில்லை. என்னுடையது பட்டப்பகலில் வந்தது. பேருந்தில் எதிர் இருக்கையில் ஒரு அம்மா கொட்டாவி விட்டால் என் கண் தானாக அவள் பல்லுக்குப் போகும். பூக்காரியிடம் பூ வாங்கும்போது வேண்டுமென்றே சிரிக்கவைப்பேன். தையல் கடையில் ரவிக்கை அளவு கொடுக்கப் போய், நூலை எந்தப் பல்லால் கடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். பயிற்சி மருத்துவராக வெளிநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்தபோது இது இன்னும் மோசமானது. வரிசையில் நிற்கும் ஐம்பது வயதுப் பெண்களில் யாராவது ஒருத்தி வாயைத் திறந்தால் அந்த ஓட்டை இருக்கும், என்னைப் பார்த்து, “நீதானே அது” என்பாள் என்று நிஜமாகவே பயந்தேன். பகுத்தறிவு, படிப்பு என்று எதைச் சொல்லிக்கொண்டாலும் பயம் பயம்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள். எழுதிக் கொடுக்கிற இடத்தில் நானே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது பழவேற்காடு பக்கம் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. ஃபிளமிங்கோ பார்க்க கேமராவோடு வருகிறவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்க ரொம்பக் குடுத்து வெச்சவங்க மேடம்” என்பார்கள். கேமராவில் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் பிரஷர் கருவி தெரியாதில்லையா. எங்களுக்கு வருகிறவர்கள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, திருக்கை வால் அடித்தவர்கள், கெளுத்தி முள் குத்தியவர்கள். கோட்டைக்குப்பத்து ஆண்கள் படகு விஷயத்தில் சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டு கட்சியாக வந்து ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது. சத்தமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவரும்.

எங்கள் மூத்த நர்ஸ் பழவேற்காடு டவுன்காரர். வீட்டில் பழைய வியாபாரக் குடும்பம். சுற்றுவட்டாரத்தில் யார் யாருக்கு என்ன உறவு, யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியதில்லை என்று அவர் நினைப்பதைத் தவிர மற்றதையெல்லாம் சொல்வார்.

ஒரு நாள் வெயில் ஏறின நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்தைந்து இருக்கும். சேலை ஈரம் காயவில்லை, கால் விரல் இடுக்கில் சேறு. வலது கையில் துணி சுற்றியிருந்தாள். பிரித்தால், உள்ளங்கையில் கெளுத்தி முள் குத்தி, கை பன் மாதிரி வீங்கியிருந்தது. எப்போது குத்தியது என்றேன். முந்தாநாள் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“முந்தாநாள் குத்தினதுக்கு இன்னைக்கா வருவீங்க?”

“நல்ல வத்தம் டாக்டரம்மா. தண்ணி எறங்கனாதான எறா தடவ முடியும்? வுட்டா ஏத்தம் வந்துடும், அப்பறம் இன்னா பண்றது?” என்றாள். பிறகு, அது ஒரு பெரிய விஷயமில்லை என்பது போல, “வாயி வேற தொறக்கவே வரமாட்டேங்குது. தாடை இறுக்கிகினு கீது” என்றாள்.

சேற்றில் ஆழமான குத்துக் காயம், தாடை இறுக்கம். ரணஜன்னி, டெட்டனஸ். பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். மரக்குச்சியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, வலித்தாலும் பரவாயில்லை, திறங்கள் என்றேன். குச்சி தொண்டையில் பட்டதும் தாடை கவ்விக்கொண்டால் அந்த நோய் என்று அர்த்தம். நல்லவேளை, அவள் எல்லோரையும் போல ஓக்காளித்தாள். ஜன்னி இல்லை. நான் டார்ச்சை அணைத்திருக்க வேண்டும்.

அணைக்கவில்லை. பல்லைச் சேர்த்து வையுங்கள் என்றேன். வைத்தாள். முன்பற்களின் நடுவே அந்த ஓட்டை.

டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். “இன்னா டாக்டரம்மா, எதுனா வியாதியா?” என்றாள்.

“இந்தப் பல்லு எப்படி இப்படி ஆச்சு?”

அவள் சிரித்தேவிட்டாள். “பறி கடிக்கிற வாயி டாக்டரம்மா. எங்காளுங்க எல்லாருக்கும் இப்டிதான் கீது. இந்த கெளுத்தி குத்துனதுல ஒரு கையாலயே தடவிகினு, பறிய அழுத்திக் கடிச்சிட்டேன் போல. அதான் தாடை வலி.”

அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஏரிக்கரையில் சில குடும்பங்கள் வலை இல்லாமல், படகு இல்லாமல், வெறும் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையையும் அடியில் சேற்றில் விட்டுத் தடவுவார்கள். கையில் பட்ட இறாலை அப்படியே பிடித்துப் பனையோலைக் கூடையில் போட வேண்டும். அந்தக் கூடைதான் பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும்போது பறியை யார் பிடிப்பது? வாய்தான். காலையிலிருந்து அதன் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டே இருப்பார்கள். விரல் நுனியின் கருப்புப் புள்ளிகள் இறாலின் தலைக்கொம்பு குத்தியவை. பூக்காரியும் இல்லை, தையல்காரியும் இல்லை. எங்கள் மேசையில் கிடந்தவள் இவர்களில் ஒருத்தி.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து, “சுகர் எறங்கிட்ச்சா மேடம்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு பிஸ்கட்டைக் கையில் திணித்தார். அந்தப் பெண்ணின் கையைக் கீறிச் சீழை எடுத்து, ஊசி போட்டு அனுப்பினோம். அவள் போன பிறகு நர்ஸ் தானாகவே சொன்னார்.

“பாவம் மேடம் அது. அம்மாவ தொலைச்சிட்டு சுத்தினு கீது.”

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வாய் பேச முடியாமல் போயிருக்கிறது. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பாளாம். மகள் அவளை அனுப்பம்பட்டில் ரயிலேற்றிச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். ஸ்கேன் எடுக்கும் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தால் பெஞ்சில் அம்மா இல்லை. பெயரைச் சொல்ல முடியாத, ஊரைச் சொல்ல முடியாத ஒரு மனுஷி அந்தக் கூட்டத்தில் எங்கே போயிருப்பாள்? போலீஸில் சொன்னார்கள். நடைபாதை, கோயில் வாசல், அநாதை இல்லம் எல்லாம் தேடினார்கள். வருடங்கள் ஓடிவிட்டன. மகள் இன்னும் மாதம் தவறாமல் சென்னைக்குப் போய்த் தேடிவிட்டு வருகிறாளாம். அம்மா இருக்கிறாளா, செத்துவிட்டாளா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடு என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். “மால போட்டா எங்கம்மாவ நானே சாவடிச்ச மாதிரி ஆயிடும்” என்பாளாம்.

எப்போது தொலைந்தார் என்று கேட்டேன். நர்ஸ் தன் மகள் கல்யாணத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னார். நான் கல்லூரியில் சேர்ந்ததற்கு முந்தைய வருடம்.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் நான் யாருடைய வாயையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. நான் தேடியவள் கிடைத்துவிட்டாள். ஆனால் நிம்மதி வரவில்லை. அதற்கு முன்னால் அவள் ஒரு புதிர். இப்போது ஒருத்தியின் அம்மா. அவளுடைய கையை நான் தோலுரித்திருக்கிறேன். அவளுடைய மகளின் கையை இன்றைக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன். இரண்டு கையும் ஒரே கை போலவே எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் ஏரிக்கரையில் மருத்துவ முகாம். கரையில் நின்று முதன்முறையாக அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். பெண்களும் ஆண்களுமாக வரிசையாகத் தண்ணீரில் உட்கார்ந்து, தலையும் வாயில் பறியும் மட்டும் வெளியே தெரிய, மெதுவாக நகர்ந்து வந்தார்கள். பேச்சுச் சத்தம் இல்லை. வாயில் பறி இருக்கும்போது எப்படிப் பேச முடியும்? ஒருவர் கைக்குத் தப்பித் துள்ளும் இறால் பக்கத்தில் இருப்பவர் கையில் விழும். அதனால்தான் நெருக்கமாக உட்காருகிறார்கள். ஆனால் கெளுத்தி குத்திய அந்தப் பெண்ணுக்கு இடது பக்கம் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. வரிசை நகர நகர அந்தக் காலி இடமும் கூடவே நகர்ந்தது.

“அது அம்மா எடம் மேடம்” என்றார் நர்ஸ். “செத்தவங்க எடத்த காரியம் முடிஞ்சதும் மூடிடுவாங்க. இது செத்தாங்களா இல்லையானு தெரியாதே. அதான் அப்டியே வுட்டு வெச்சிருக்கு. அது வழியா எவ்ளோ எறா பூடுது தெரியுமா? யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.”

தண்ணீரில் அந்த வெற்றிடம் வருவதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெளிவாகத் தெரிந்தன. எல்லாம் பளிச்சென்று இருந்த அந்த நேரத்தில், அங்கே ஒருத்தி பறியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, “எதுக்கு மேடம் வம்பு? அம்மாவ அறுத்துப் படிச்சேன்னு ஒரு பொண்ணுகிட்ட போய் சொல்லுவாங்களா? அல்லாகிட்ட சொல்லிட்டு வுட்ருங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அது அந்த அம்மாதான் என்பதற்கு என்னிடம் என்ன இருந்தது? வருடம் பொருந்துகிறது, வயது பொருந்துகிறது, பல் பொருந்துகிறது. இந்த ஏரியைச் சுற்றி அந்தப் பல் எத்தனையோ பேருக்கு. ஆனாலும் எனக்கு அது அவளாகவே இருக்க வேண்டும் போலிருந்தது. அவளாக இருந்தால் இரண்டு பேருக்கும் விடுதலை, அந்தப் பெண்ணுக்கும் எனக்கும். இதில் என் பங்கு எவ்வளவு, அவள் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கட்டு மாற்ற அவள் வந்தபோது சொன்னேன். நர்ஸ் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் எப்படி ஆரம்பித்தேன் என்று இப்போது நினைவில்லை. படிக்கும்போது எங்களுக்கு ஒரு அம்மாவின் உடலைக் கொடுத்தார்கள், யாரும் தேடி வரவில்லை என்றார்கள், அந்த அம்மாவுக்குப் பறி கடித்த பல் இருந்தது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. கையை மட்டும் என் கையிலிருந்து மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எங்கம்மான்னு சொல்றீங்களா?”

“தெரியலைம்மா. இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். எந்த மாதிரி ரூம் என்று கேட்டாள். பெரிய அறை, வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் என்றேன். தலைமுடி எப்படி இருந்தது என்றாள். ஒட்ட வெட்டியிருந்தது. மூக்கு குத்தியிருந்ததா? இருந்தது. ரெண்டு பக்கமுமா? அது எனக்கு நினைவில்லை. என்ன சேலை? சேலை இல்லை, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தோம் என்றேன். துணியைப் பற்றிக் கேட்டபோதுதான் அவள் குரல் லேசாக உடைந்தது.

“பசங்கள்லாம் மரியாதையா நடந்துகினாங்களா?”

“பெரும்பாலும் நடந்துக்கிட்டோம்” என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

“வயித்தயும் அறுத்தீங்களா?”

“ம்.”

“உள்ள இன்னா இன்னா இருந்துச்சி?”

இப்படி ஒரு கேள்விக்கு யாரும் என்னைத் தயார் செய்திருக்கவில்லை. தேர்வில் ஒப்பிப்பதைப் போல ஒப்பித்தேன். கல்லீரல், மண்ணீரல், குடல், சிறுநீரகம். எல்லாம் நன்றாக இருந்தது. வயதானதால் சுருங்கிப்போன சின்னக் கர்ப்பப்பை. அதைக் கையில் வைத்துப் படித்தவள் நான்தான். அதையும் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“அப்பறம் எங்க கொண்டு போனாங்க?”

“எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டுப் போய்ப் பொதைச்சிடுவாங்கன்னு சொன்னாங்க. நான் பாக்கலை.”

“தனியாவா, எல்லாரையும் ஒண்ணாவா?”

தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்து, புதுக் கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “சரி டாக்டரம்மா. காரியம் பண்ணிடறேன். நீங்களும் வரணும். அவங்கள கடைசியா பாத்துகினது நீங்கதான” என்றாள். கதவோரம் நின்ற நர்ஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏரிக்கரையில்தான் காரியம் செய்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். படம் எதுவும் வைக்கவில்லை. மஞ்சள் பூசிய ஒரு கல், அதற்கு முன்னால் வாழையிலையில் சோறு, இறால் குழம்பு, வெற்றிலை, ஒரு புதுப் பறி. கல்லுக்குப் பக்கத்தில் மடிப்புக் கலையாத ஒரு சேலை. சிவப்பில் பச்சைக் கரை. வெள்ளைத் துணி என்று நான் சொன்னதற்காகத்தான் அது என்று நினைக்கிறேன். ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றினார்கள். என்னையும் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றும்போது நான் அழுதேன். உடற்கூறு அறையில் ஒரு வருடம் அழாதவள், அத்தனை பேர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, “வுடும்மா, வுடும்மா” என்றார். சேலையையும் பறியையும் தண்ணீரில் விட்டார்கள். பறி கொஞ்ச தூரம் மிதந்து போய் நிறைந்து மூழ்கியது.

அதற்குப் பிறகு பல நாட்கள் நான் யாருடைய பல்லையும் பார்க்கவில்லை. பேருந்தில் தூங்கினேன். வெளிநோயாளிகள் வரிசை வெறும் வரிசையாகத் தெரிந்தது. எத்தனையோ வருடம் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவள் ஒருவழியாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் மகள் இனிமேல் சென்னைக்கு அலைய வேண்டாம் என்றும் நினைத்து, அதில் கொஞ்சம் பெருமையும்கூடப் பட்டேன்.

மறுபடியும் முகாம் வந்தது. கரையில் மேசை போட்டு மாத்திரைகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். வரிசை தண்ணீரில் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அவளுக்கு இடது பக்கம் அந்த இடம் காலியாகவே இருந்தது.

அவள் கரையேறும் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறி வந்து, பறியை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்து, தாடையை இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டாள். நான் நேராகவே கேட்டேன்.

“காரியம் முடிஞ்சுதே. இன்னும் ஏன் இடம் விட்டிருக்கீங்க?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

“அது எங்கம்மா இல்ல டாக்டரம்மா.”

கையிலிருந்த மாத்திரை அட்டையை மேசையில் வைத்தேன்.

“எங்கம்மாவுக்கு கர்ப்பப்பைய எடுத்து எத்தினியோ வருசம் ஆவுது. நான் வயசுக்கு வந்த புதுசுல, பொன்னேரியில ஆபரேசன் பண்ணாங்க. நைனாவும் நானும்தான் கூட இருந்து பாத்துகினோம். நீங்க அத்த கையில வெச்சி படிச்சேன்னு சொன்னப்பவே தெரிஞ்சிட்ச்சி.”

“தெரிஞ்சும் ஏம்மா…”

“பறி கடிச்ச வாயின்னு சொன்னீங்களே. அப்ப எங்காளுதான? எளாவூர் பக்கத்து ஆளோ, ஆந்திரா பக்கத்து ஆளோ, யாரு கண்டா. யாருமே வரலன்னீங்க. சேலகூட இல்லன்னீங்க. கேட்டுட்டு எப்டி சும்மா இருக்கறது?”

அவள் உட்கார்ந்து பறியிலிருந்த இறாலைக் கவிழ்த்துத் தரம் பிரிக்க ஆரம்பித்தாள். உள்ளங்கைக் காயம் நன்றாக ஆறியிருந்தது. அடுத்த மாதமும் சென்னைக்குப் போவீங்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. போவாள்.

அவள்தான் தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் டாக்டரம்மா. அந்த ரூம்ல மத்த மேசையிலயும் ஆளுங்க இருந்தாங்கன்னீங்க.”

“ஆமாம்.”

“பொம்பளைங்களா?”

“சில பேர்.”

“அவங்க வாயெல்லாம் பாத்தீங்களா?”

ஒரு வருடம் முழுக்க, தினமும் அந்த அறைக்குப் போயிருக்கிறேன். மற்ற மேசைகளைத் தாண்டித்தான் எங்கள் மேசைக்குப் போக வேண்டும். அவர்கள் முகத்திலும் துணி போட்டிருந்தது. ஒருமுறைகூட நான் அங்கே நின்றதில்லை. அதை அவளிடம் சொன்னேன்.